ஹெர்ட் என்று எழுதிய தாள்

மாடுகள் பல சேர்ந்து நின்றால் அதை ஆங்கிலத்தில் ஹெர்ட் என்பார்கள். யானைகளுக்கும் மான்களுக்கும் அதே சொல்தான். செம்மறி ஆடுகள் என்றால் ஃப்ளாக். பறவைகளுக்கும் ஃப்ளாக். மீன்களுக்கு வேறு, தேனீக்களுக்கு வேறு. கான்வெண்டில் எங்களுக்குப் பாடம் நடத்திய கன்னியாஸ்திரி அம்மாள் கரும்பலகையில் ஒரு பக்கம் பிராணிகளின் பெயரையும் மறுபக்கம் கூட்டத்தின் பெயரையும் எழுதிப்போட்டு, கோடு இழுத்துச் சேர்க்கச் சொல்வார். நான் ஒரு கோட்டைக்கூடத் தவறாக இழுத்ததில்லை. ஆனால் எழுந்து நின்று வாயால் சொல்லச் சொன்னால் ஒரு சொல்லும் வெளியே வராது. தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அம்மாள் பெருமூச்சுவிட்டு உட்காரச் சொல்லிவிடுவார்.

நம் வழக்கத்தில் மாட்டுக்கும் மந்தைதான், ஆட்டுக்கும் மந்தைதான். காக்கை, மனிதர், எறும்பு எல்லாம் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெயர் வைக்க வெள்ளைக்காரர்களுக்கு எங்கிருந்து நேரம் கிடைத்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்தச் சொற்களை நகைகளைப் போல வைத்திருந்தேன். பூட்டிக்கொண்டு போகத்தான் ஒரு கலியாண வீடும் வாய்க்கவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிறகு வீட்டில் யாரும் என்னிடம் மான்களின் கூட்டத்துக்கு என்ன பெயர் என்று கேட்கவில்லை.

அப்போது நாங்கள் மலாய் நாட்டுத் தீவு ஒன்றில், ஜெலுத்தோங் என்ற இடத்தில், டிராம் போகும் சடக்குச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு மண்பாதையில் இருந்தோம். என் அப்பா துறைமுகத்தில் சாமான் எண்ணும் வேலையில் இருந்தார். பாதையின் கோடியில், எங்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே, மாட்டுக் கொட்டகை. அத்தாப்பு ஓலைக் கூரையும் ஈரத் தரையுமாக நீளமாக இருக்கும். ஐந்து பால்காரர்கள் அதைச் சேர்ந்து வைத்திருந்தார்கள். ஒருவருக்கு ஆறு மாடு, அடுத்தவருக்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. ஆறு மாட்டுக்காரரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். விடிகாலையில் பால் கறந்து, பித்தளைச் செம்புகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் டவுன் பக்கம் போய்விடுவார்கள். மாடுகளை மேய்க்க ஆள் வைக்க வசதியில்லை. ஆகவே முறை வைத்துக்கொண்டிருந்தார்கள். திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர் என்று, அன்றைக்கு யார் முறையோ அவர் வீட்டில் ஒருவர் எல்லா மாடுகளையும் தென்னந்தோப்புக்குப் பின்னால் இருந்த சதுப்புப் புல்வெளிக்கு ஓட்டிப் போய், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து கட்ட வேண்டும். ஞாயிறு மட்டும் கட்டுத்தறியிலேயே புல்.

வியாழக்கிழமை முறை எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுடையது. அவரும் ஒரு மாடு வைத்திருந்தார், ஒரு செவலைப் பசு. அவருடைய புருஷன் உயிரோடு இருந்தபோது வாங்கியது. அவர் காய்ச்சலில் போன பிறகு அக்காவுக்கும் இரண்டு பெண் குழந்தைகளுக்கும் அந்தப் பசுதான் எல்லாம். கொட்டகையில் அவருக்கு இடமில்லை. இடமில்லை என்பதைவிட, ஆண்கள் ஐந்து பேர் புழங்கும் இடத்தில் விடியற்காலையில் போய் உட்கார்ந்து கறக்க அவருக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் சரி. ஆகவே பசுவைத் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கி அதில் கட்டியிருந்தார். காலையில் மற்ற மாடுகள் அவர் வாசலைக் கடந்து போகும்போது செவலை அவற்றோடு சேர்ந்துகொள்ளும். சாயங்காலம் யாரும் ஓட்டாமலே தானாகப் பிரிந்து சாய்ப்புக்குப் போய்விடும்.

அக்கா என்னை ஊமைச்சி என்றுதான் கூப்பிடுவார். கோபமாக அல்ல.

"ஏ ஊமைச்சி, பசியாறியாச்சா? தலையாவது ஆட்டுலா. ஆட்டினா கழுத்தா சுளுக்கிக்கும்?"

நான் தலையை ஆட்டுவேன்.

எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்போது, மாடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நகரசபையிலிருந்து ஒரு பியூன் வந்து ஆறு தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆங்கிலத்தில் அச்சடித்த தாள்கள். பெயர், இடம், கொட்டகையின் நீள அகலம், தண்ணீர் எங்கிருந்து எடுப்பது என்று கேள்விகள். நடுவில் ஒரு வரி. அதைப் பார்த்ததும் என் நெஞ்சு குதித்தது. 'ஹெர்ட்' என்று போட்டு, அதற்கு எதிரே எழுத நீளமாக இடம் விட்டிருந்தார்கள். கரும்பலகையிலிருந்து அந்தச் சொல் இறங்கி எங்கள் மண்பாதைக்கே வந்துவிட்டது.

பால்காரர்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து கூடினார்கள். பாதையில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்பாவுக்கு எண்கள் மட்டும் வரும். ஒரு நாற்காலியைக் கதவுக்கு உட்புறம் போட்டுக்கொண்டு, மடியில் பலகையை வைத்து, அவர்கள் முகத்தைப் பார்க்காமல் எழுதினேன். யாருக்கு எத்தனை மாடு என்று அவர்களே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு தாளிலும் தனித்தனியாக எழுதியிருக்கலாம். ஒரு மாடு வைத்திருப்பவருடைய தாளில் அந்த வரிக்கு எதிரே ஒன்று என்று போட வேண்டியிருக்கும். ஒரு மாட்டை ஹெர்ட் என்று சொல்ல முடியுமா? இரண்டையாவது சொல்லலாமா? கன்னியாஸ்திரி அம்மாள் பார்த்தால் சிரிப்பார் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் பதினேழு வரும். பதினேழு என்றால் உண்மையான ஹெர்ட். நான் ஒரே ஒரு தாளை எடுத்து, பெரியவர் பெயரை மேலே போட்டு, மற்ற ஐந்து பெயரையும் கீழே வரிசையாக எழுதி, அந்த இடத்தில் 'பதினேழு மாடுகள் கொண்ட ஒரு ஹெர்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எழுத்து அன்றைக்கு மிக அழகாக வந்தது.

அக்கா கடைசியாக வந்தார். கையில் சாணி ஈரம் காயவில்லை.

"தங்கச்சி, எம் மாட்டைத் தனிக் கடுதாசியில எழுதிடு. அது இப்ப வெளிய போறதில்ல. கன்னு போடற நேரம். சாய்ப்புலயே கட்டிப் போட்டிருக்கேன்."

பெரியவர் சிரித்தார். "செவலை பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுல இருக்குதா? வளைகாப்புக்கு எங்களை எல்லாம் கூப்பிடவே இல்லியேம்மா."

"கூப்பிட்டா நீங்க ஆறு மாட்டோட வந்து நிப்பீங்க. யாரு அண்ணே புல்லு போடறது?"

எல்லோரும் சிரித்தார்கள். என் தாளில் மை காய்ந்துகொண்டிருந்தது. அக்காவின் மாட்டை வெளியே எடுத்தால் பதினேழை அடிக்க வேண்டும். பெயரை அடிக்க வேண்டும். அந்த அழகான தாளில் இரண்டு அடித்தல் விழும். அன்றைக்கு எனக்கு எங்கிருந்தோ பேச்சு வந்தது. இத்தனை பேர் எதிரில் நான் முழு வாக்கியமாகப் பேசியது அநேகமாக அதுதான் முதல் தடவை.

"எல்லாம் சேர்ந்துதானக்கா மேயுது. கன்னு போட்டப்புறம் மறுபடியும் அதுங்களோடதான போவும்? இங்கிலீசுல அதுக்கு எல்லாம் சேத்து ஒரே பேருதான்."

"பேரு ஒண்ணா இருந்தா என்னலா? எம் மாடு எங்க வீட்டுல நிக்குது."

"பேரு கீழ தனியாத்தானக்கா போட்டிருக்கேன்."

அக்கா தாளைக் குனிந்து பார்த்தார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். விரலால் காட்டினேன். அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஊமைச்சி வாயைத் தெறந்து இவ்வளவு பேசுது. அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மீதி ஐந்து தாள்களையும் பியூனிடம் வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தோம். அவர் தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, யார் எழுதினது, நல்லா எழுதியிருக்கே என்று கேட்டதாக அப்பா வந்து சொன்னார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

செவலை ஒரு கிடாரிக் கன்றைப் போட்டது. நெற்றியில் மட்டும் வெள்ளை. அக்கா சீம்பால் காய்ச்சி எல்லா வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார். கன்று சின்னதாக இருந்ததால் பசுவை இன்னும் மேய்ச்சலுக்கு அனுப்பவில்லை. புல்லை அறுத்துக் கொண்டுவந்து போட்டார். வியாழக்கிழமை முறையை மட்டும் விடவில்லை. தன் மாடு இல்லாவிட்டாலும் மற்ற பதினாறு மாடுகளையும் அவரே ஓட்டிப் போய்த் திரும்புவார். முறை என்றால் முறைதான் என்பார்.

அந்தச் சமயத்தில் பெரியவர் அக்கரையில், பட்டர்வொர்த் பக்கத்தில், தன் கிழட்டு மாடு ஒன்றைக் கொடுத்து மாற்றாக ஒரு காளையை வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். வந்த ஐந்தாம் நாள் அது தீனி எடுக்கவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. வாய்க்குள் புண். கழிச்சல் கண்டது. நம் ஆட்கள் வெக்கை என்று சொல்கிற நோய். வெக்கை வந்தால் கொட்டகையே காலியாகிவிடும் என்று சொல்லிக் கேட்டிருந்தோம், கண்டதில்லை. அடுத்த இரண்டு நாளில் இன்னும் இரண்டு மாடுகள் தலையைத் தொங்கப்போட்டன. அக்கா அன்றிலிருந்து கொட்டகைப் பக்கமே போகவில்லை. அந்த வியாழக்கிழமை முறைக்குக்கூடப் போகவில்லை. தன் வாசலில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினார். கன்றைத் தொடும் முன் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். என்னைக்கூட வேலிக்கு அந்தப் பக்கமே நிறுத்திப் பேசினார்.

"கோவிச்சுக்காத ஊமைச்சி. நீ கொட்டகை வழியாத்தான போறே வர்றே. காலுல எது ஒட்டியிருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

பிறகு ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். மாட்டு டாக்டர் துரை வந்தார். கூட எழுத்து வேலை பார்க்கும் ஒரு கிராணி, இரண்டு மலாய்ப் போலீஸ்காரர்கள், கயிறும் தார் வாளியும் தூக்கிய கூலிகள் நாலு பேர். துரை கையில் ஒரு தாள் இருந்தது. எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தபோதே அது என் தாள் என்று தெரிந்தது. மேல் வரியில் பெரியவர் பெயருக்கு நான் இட்ட வளைவு அப்படியே தெரிந்தது.

கொட்டகை முழுவதையும் அழிக்க வேண்டும் என்று உத்தரவு. ஹோல் ஹெர்ட் என்று துரை சொன்னார். கிராணி அதை, "எல்லா மாட்டையும்" என்று தமிழில் சொன்னார். பால்காரர்கள் கும்பிட்டார்கள், அழுதார்கள். பெரியவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கூலிகள் ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் தாரால் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனார்கள். துரை எண்ணிக்கொண்டே வந்தார். பதினாறில் நின்றது. தாளைப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார். மறுபடியும் பதினாறு.

அந்தத் தாளில் பதினேழு என்று இல்லாதிருந்தால் அவர்கள் பதினாறோடு திரும்பியிருப்பார்கள். அக்காவின் சாய்ப்பு வீட்டுக்குப் பின்னால், வாழைக்கு மறைவில் இருந்தது. ஆறு தாளாக எழுதியிருந்தால், அக்காவின் தாளில் வேறு இடம், வேறு சாய்ப்பு, வேறு கிணறு என்று இருந்திருக்கும். ஒரு மாடு காணவில்லை என்று தேட வைத்தது என் எழுத்து.

பதினேழாவது எங்கே என்று கிராணி கேட்டார். பால்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஆனால் தாளில் அக்காவின் பெயர் இருந்தது. பெயரைச் சொல்லிக் கேட்டபோது, அந்தப் பக்கத்திலேயே குடியிருந்த ஒரு கூலி எதிர்த்த வீட்டைக் காட்டிவிட்டார்.

அக்கா சாய்ப்புக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பின்னால் செவலை அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் கண் தெளிவாக இருந்தது, மூக்கு ஈரமாக இருந்தது. கன்று துள்ளிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் வேலி மட்டும்தான். நான் வேலியோரம் வந்து நின்றிருந்தேன்.

"அய்யா, இது அதுங்களோட சேரல" என்றார் அக்கா. "அம்பது நாளுக்கு மேல ஆச்சு, இந்தக் கட்டுத்தறியை வுட்டு நகரல. தண்ணி எங் கிணத்துத் தண்ணி. புல்லு நான் வேற பக்கம் அறுத்தது. நோவு வந்தப்புறம் நான்கூட அங்க போவல. துரைகிட்டச் சொல்லுங்கய்யா. நல்லாச் சொல்லுங்க."

கிராணி துரையிடம் திரும்பி, அது தன் சொந்த மாடு என்று அந்தப் பெண் சொல்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டும். அக்கா சொன்ன மற்றது எதுவும் துரையின் காதில் விழவில்லை என்பது அந்த இடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

இதை எழுதியது யார் என்று துரை கேட்டார். பெரியவர் பின்னாலேயே வந்திருந்தார். "அந்தப் புள்ளதான் எழுதிச்சு. அதுக்கு இங்கிலீசு வரும். அதைக் கேளுங்க" என்று என்னைக் காட்டினார். அவர் அதை நம்பிக்கையோடுதான் சொன்னார். அக்காவும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலும் நம்பிக்கைதான் இருந்தது.

துரை வேலியருகே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் அதட்டியிருந்தால், நான் பயந்துவிட்டேன் என்று இன்றைக்காவது சொல்லிக்கொள்ளலாம். மிகவும் மரியாதையாக, மெதுவாகக் கேட்டார். இது உன் எழுத்தா, அந்தப் பசு இந்த ஹெர்டைச் சேர்ந்ததா என்று இரண்டு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். முழு வாக்கியமும் தலைக்குள் இருந்தது. அது தனியாகக் கட்டப்பட்டிருக்கிறது, சார், பல வாரங்களாக. ஆங்கிலத்தில் அதை எந்தச் சொல்லில் தொடங்குவது, காலத்தை எப்படிக் காட்டுவது என்றுகூட ஒழுங்குபடுத்திவிட்டேன். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். பிறகு ஏன் சேர்த்து எழுதினாய்? அத்தனை பேர் எதிரில், நான் தவறாக எழுதிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். கூச்சம் என்று இதை நான் பல வருஷம் சொல்லிக்கொண்டேன். கூச்சம் பாதிதான். மீதிப் பாதி கர்வம்.

"யெஸ், சார்" என்றேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டுத் தொப்பியை வைத்துக்கொண்டார்.

நான் சொன்னது முதல் கேள்விக்கு மட்டுமான பதில் என்று அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் வேலியிலிருந்து சாய்ப்புக்குப் போக இருபது அடியாவது இருந்தது. இருபது அடி நடக்கிற நேரம் எனக்குக் கிடைத்தது.

செவலையின் முதுகில் தார்க்கோடு விழுந்தது. அக்கா கன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "இது கடுதாசியில இல்லியே, இதை வுட்டுடுங்க, இது அப்ப பொறக்கவே இல்ல" என்று கத்தினார். இதைக் கிராணி சரியாகவே மொழிபெயர்த்தார். துரை தாளைப் பார்த்தார். உண்மையிலேயே வருத்தத்தோடு தலையை அசைத்தார். ஹெர்டில் பிறப்பதும் ஹெர்ட்தான் என்று சொல்லி, பென்சிலை எடுத்து, நான் அழகாக எழுதிய பதினேழைப் பதினெட்டாகத் திருத்தினார். அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு நியாயம் இருக்கிறது என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை.

மாடுகளைச் சதுப்புப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்கள். அக்காவின் வாசலைக் கடக்கும்போது செவலை எப்போதும் போலத் தானாக வந்து அவற்றோடு சேர்ந்துகொண்டது. கன்று பின்னால் ஓடியது. மத்தியானம் வரை துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அம்மா ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். எண்ணிக்கை தவறித் தவறி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன்.

எப்படியும் கொன்றிருப்பார்கள் என்று அப்பா பிறகு சொன்னார். ஒரே பாதையில் இருக்கிற மாட்டைத் தனி என்று எந்தத் துரை ஒப்புக்கொள்வான், அக்காவே வாராவாரம் அந்த மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவள்தானே, அந்தக் கையாலேதானே செவலையைக் கறந்தாள் என்றார். இருக்கலாம். அந்த ஆறுதலை நான் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. துரை ஒப்புக்கொண்டிருப்பாரா மாட்டாரா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. அது என் வாய்.

அடுத்த சனிக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாரிடம், சின்னச் சின்னப் பொய்கள் சொன்னேன், அம்மாவை எதிர்த்துப் பேசினேன், பூசை நேரத்தில் பராக்குப் பார்த்தேன் என்றேன். எல்லாவற்றையும் ஒரே கூட்டமாகச் சேர்த்து ஓட்டிவிட்டேன். அவர் தனித்தனியாகக் கேட்கவில்லை. பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த' மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்றையும் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, போனதைவிட அதிகமாகச் சுமந்துகொண்டு வந்த மாதிரி இருந்தது.

பத்து நாள் கழித்து அக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"ஊமைச்சி, வெளிய வா. மலைக்கிட்ட, ஆயர் ஈத்தாம்ல ஒரு பங்களாவுல ஆயா வேலை இருக்காம். நல்ல பொம்பளன்னு இங்கிலீசுல ஒரு கடுதாசி கேக்கறாங்க. நீ எழுதிக் குடுலா."

எழுதினேன். நேர்மையானவர், சுத்தமானவர், சொன்ன சொல் தவறாதவர் என்று எழுதினேன். எழுதும்போது ஒரு இடத்தில் மை சிந்தியது. வேறு தாள் எடுக்கிறேன் என்றேன். பரவாயில்லை, குடு என்று வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு வேலை கிடைத்தது. பெண்களை அழைத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குக் குடிபோனார். அதன்பிறகும் ஒவ்வொரு காரியத்துக்கும் என்னிடம்தான் வருவார், அல்லது நான் டிராமில் போவேன். ஊரிலிருக்கும் அண்ணனுக்குக் கடிதம். மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கடிதம். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பதில். இருபது வருஷத்தில் எத்தனை எழுதியிருப்பேன் என்று சொல்ல முடியாது. எதிலும் நான் இரண்டு பேர் விஷயத்தைச் சேர்த்து எழுதியதில்லை. செவலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நடுவில் ஒரு தடவை பத்திரிகையில் அந்தச் சொல்லை வேறு விதமாகப் பார்த்தேன். கப்பலில் வந்து இறங்கிய நம் கூலி ஜனங்களை நோய்க்குப் பயந்து தனித்தீவில் அடைத்து வைப்பதைப் பற்றி யாரோ எழுதியிருந்தார்கள். அதில் அந்த ஜனங்களைக் கொட்டகைகளுக்குள் ஓட்டி அடைத்ததற்கு ஹெர்ட் என்ற சொல்லையே போட்டிருந்தார்கள். மனிதர்களுக்குப் போட்டால் அது மரியாதைக் குறைவான பேச்சு என்று எனக்குத் தெரியும். கூட்டத்தில் நிற்கிறவர்களுக்குத் தனித்தனி முகம் இல்லை என்று நினைக்கிறவர்கள்தான் அப்படி எழுத முடியும். படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தேன். எழுதியவர் மேல் கோபம் வரவில்லை. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இந்த வருஷம் தவக்காலத்தில் ஒரு நாள் ஆயர் ஈத்தாமுக்குப் போனேன். எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கலியாணம் ஆகவில்லை. இப்போதும் கடைக்காரரிடம் இரண்டாம் தடவை விலை கேட்க வாய் வராது. அக்காவுக்குத் தலை நரைத்து, பல் இரண்டு போய்விட்டது. பங்களா வேலையை விட்டுவிட்டு இளைய மகள் வீட்டில் இருக்கிறார். பாசாரில் வாங்கிய கீரையை முறத்தில் போட்டு ஆய்ந்துகொண்டிருந்தார். மகளும் மருமகனும் வெளியே போயிருந்தார்கள். நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லாமல் போய்விடுவேன் என்று தெரியும்.

"அக்கா, அன்னிக்குத் துரை எங்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டாரு. செவலை கொட்டகை மாடுதானான்னும் கேட்டாரு. நான் ஆமான்னுட்டேன். தனியா நிக்குதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரிஞ்சுது. சொல்லல. அதுக்கு முன்னால, நீங்க தனியா எழுதச் சொன்னப்பவும் நான் கேக்கல. தாள்ல அடிச்சா அசிங்கமாயிடும்னு பாத்தேன்."

அக்கா கீரைத் தண்டை ஒடித்தபடியே இருந்தார்.

"தெரியும்" என்றார்.

"என்னக்கா?"

"எனக்கு இங்கிலீசுதான் தெரியாது. கண்ணு தெரியும்லா. நான் உன் வாயைத்தான பாத்துட்டு நின்னேன். ரெண்டு வார்த்தையில மூடிடுச்சு. நான் சொன்னது அத்தனையும் ரெண்டு வார்த்தைக்குள்ள அடங்குமா?"

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப ஏங்க்கா என்னை ஒண்ணும் கேக்கல? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே."

"திட்டியிருந்தா நீ அழுதிருப்பே. அழுதுட்டு உள்ள போயிக் கதவைச் சாத்தியிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா? அப்புறம் எனக்கு யாரு எழுதித் தருவா? அந்தக் கிராணியா? மாடும் போச்சு, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. அந்தப் பாதையில நீ ஒருத்திதான். உங்கிட்ட கோவிச்சுக்க எனக்கு ஏது வசதி?"

முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். இருபது வருஷமாக அவர் என் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு தடவையும் எனக்கு நினைவில் ஓடியது. அன்பினால் வருகிறார், மறந்துவிட்டார், மன்னித்துவிட்டார் என்றெல்லாம் மாறி மாறி நினைத்திருந்தேன். கோபத்தை விழுங்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று ஒரு தடவையும் நினைக்கவில்லை.

"இப்ப கோவம் போயிடுச்சாக்கா?"

"எங்க போவும்? இருக்குது." என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்கு நீயா வந்து சொன்னே. அது வேற. அதுக்காக அது போயிடுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா எழுந்து உள்ளே போனார். போகச் சொல்லிவிடுவார் என்று நினைத்து நான் செருப்பைத் தேடினேன். அவர் ஒரு உறையோடு திரும்பி வந்தார். மூத்த மகளிடமிருந்து, ஈப்போவிலிருந்து வந்தது. உறையைப் பிரிக்கவே இல்லை.

"நாலு நாளா வச்சிருக்கேன். மருமவப்புள்ளகிட்ட குடுத்தா அவரு பாதியைப் படிப்பாரு, பாதியை வுட்டுடுவாரு. உக்காரு. ஒரு வரி வுடாமப் படி."

உட்கார்ந்தேன். உறையைக் கிழித்து, முதல் வரியிலிருந்து, அவருக்குக் கேட்கும்படி சத்தமாகப் படிக்கத் தொடங்கினேன்.